கென்ஜி கதையின் ஜப்பானிய மரஅச்சுப் படத்தைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானிய ஓவியர்களான ஹொகுசாயின் பேரலையையோ ஹிரோஷிகேயின் மழையையோ ரசிக்க யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. ‘கென்ஜி மோனோகதாரி’ (கென்ஜியின் கதை) போன்ற பழைய இலக்கியத்தின் காட்சியை வரைந்த மரஅச்சுப் படம் அப்படி இல்லை. ஒரு பெண், ஒரு வேலி, ஒரு விசிறி. முகத்தில் பெரிதாக உணர்ச்சி எதுவும் இல்லை. மூலையில் நமக்கு வாசிக்க வராத எழுத்து. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் என்ன நடக்கிறது என்று பிடிபடுவதில்லை. அதனால் இந்தத் தாள்களைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இவற்றைக் காசு கொடுத்து வாங்கிய எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து மக்களுக்கு அந்தச் சிக்கல் இருக்கவில்லை. கதை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓவியருக்கும் அது தெரியும். ஆகவே அவர் கதையைச் சொல்ல மெனக்கெடுவதில்லை. எந்தக் கதை என்று காட்ட ஒரு பொருளை மட்டும் படத்தில் வைத்துவிடுவார். அதற்குமேல் வரைவதெல்லாம் அந்தக் கதையைப் பற்றி அவர் நினைப்பது. நாம் செய்ய வேண்டியது இரண்டு வேலைகள்: அந்தப் பொருளைக் கண்டுபிடிப்பது, அப்புறம் கதையில் அவர் எதை மாற்றினார் என்று பார்ப்பது. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டுக்காகத்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு தாளை வைத்துக்கொள்வோம். சுகியோகா யோஷிதோஷி 1886-இல் வெளியிட்ட ‘கென்ஜி, யூகாவோ அத்தியாயம்’. ‘நிலவின் நூறு தோற்றங்கள்’ என்று பொதுவாக அறியப்படும் அவருடைய வரிசையில் இது ஒன்று. 1885 முதல் 1892 வரை அகியாமா புயெமொன் என்ற பதிப்பாளர் அந்த நூறு தாள்களையும் வெளியிட்டார். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் படம்தான். திறந்து வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

‘கென்ஜி மோனோகதாரி’ 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியோட்டோ அரண்மனையில் பணியாற்றிய முராசாகி ஷிகிபு என்ற பெண் எழுதியது. மொத்தம் 54 அத்தியாயங்கள். பேரரசரின் மகனாகப் பிறந்தும் அரியணைக்கு உரிமை இல்லாத கென்ஜி என்ற பேரழகன், அவன் வாழ்க்கையில் வந்த பெண்கள், அவனுக்குப் பின் வந்த தலைமுறை ஆகியவைதான் கதை. ஏறக்குறைய 800 சிறு கவிதைகள் உரைநடைக்கு நடுவே வருகின்றன.

இந்தக் கதையைப் படமாக்கும் வழக்கமும் மிகப் பழையது. 12-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியச் சுருள்களில் எஞ்சியவை இன்று முக்கியமாக நகோயாவின் தொகுகாவா அருங்காட்சியகத்திலும் டோக்கியோவின் கொதோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பின்னால் வந்த ஓவியர்கள் கையாண்ட உத்திகளின் வேர் அங்கே இருக்கிறது. வீட்டுக் கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து உள்ளே பார்ப்பது, கண்ணை ஒரு கோடாகவும் மூக்கை ஒரு கொக்கியாகவும் வரைந்து முகத்தை வெறுமையாக விடுவது.

அதுவரை பணக்காரர்களிடம் மட்டும் இருந்த கதை, 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் யாமாமோதோ ஷுன்ஷோ என்பவர் படங்களுடன் அச்சிட்ட பதிப்பால் ஊருக்குள் இறங்கியது. எந்த அத்தியாயத்துக்கு எந்தக் காட்சி என்ற வழக்கம் பரவ இத்தகைய அச்சுநூல்கள் பெரிதும் உதவின. இவ்வளவு தெரிந்தால் போதும். 54 அத்தியாயங்களையும் முடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்ப வேண்டாம். பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

படி 1: பெரிய அளவில் பாருங்கள், குறிப்பைப் படிக்காமல்

கைபேசித் திரையில் கட்டைவிரல் அளவில் தெரியும் படம் உதவாது. யோஷிதோஷியின் தாள் ‘ஓபான்’ என்ற அளவு, ஏறக்குறைய 39 செ.மீ. உயரமும் 26 செ.மீ. அகலமும் கொண்டது. கையில் பிடித்துப் பார்ப்பதற்காக அச்சிட்ட தாள் அது. சுவரில் மாட்டி எட்ட நின்று பார்க்க அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், சிகாகோ கலைக்கழகம், பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் ஆகியவற்றின் தளங்களில் பெரிய அளவுப் படங்கள் உண்டு. பல தொகுப்புகளை ஒரே இடத்தில் தேட உகியோ-இ.ஆர்க் (ukiyo-e.org) தளம் இருக்கிறது. கையில் உள்ள படத்தை ஏற்றினால் அதே தாளின் மற்ற பிரதிகளையும் காட்டும்.

படத்தைத் திறந்ததும் கீழே உள்ள விளக்கத்தைப் படிக்காதீர்கள். படித்துவிட்டால் கண் அதில் சொன்னதை மட்டும் தேடும். முதலில் படத்தில் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். நிலா. கொடி. வெள்ளைப் பூக்கள். நீண்ட கூந்தலுடன் ஒரு பெண். அவள் கால்கள் எங்கே?

படி 2: முகத்தை விடுங்கள், பொருளைத் தேடுங்கள்

மேற்கத்திய ஓவியத்தில் பழகிய கண் முதலில் முகத்துக்குத்தான் போகும். இங்கே அது பெரும்பாலும் வெறுங்கையுடன் திரும்பும். சுருள் ஓவியக் காலத்திலிருந்தே உயர்குடி மனிதர்களுக்கு ஒரே மாதிரி முகம்தான். 1760களில் வரைந்த ஹருநொபு என்ற ஓவியரின் படங்களில் ஆணையும் பெண்ணையும் முகத்தை வைத்துப் பிரிப்பதே கடினம். யார் இவர் என்பதைச் சுற்றியுள்ள பொருள்தான் சொல்லும்.

நம் தாளில் அந்தப் பொருள் கொடி. வேறெந்தக் கொடியும் அல்ல, நம் ஊர்க் கூரையிலும் வேலியிலும் படரும் அதே சுரைக்கொடிதான். சுரைப்பூ வெள்ளையாக, மெல்லிய கசங்கிய இதழ்களுடன் அந்தி சாயும்போது விரியும். மறுநாள் காலையில் வாடித் தொங்கும். ஜப்பானில் ஏழை வீட்டு வேலியில் படர்ந்த செடி அது. காயைக் கீறி நாடாவாக வெட்டிக் காயவைத்துச் சமையலுக்கு எடுத்து வைப்பார்கள். ஹிரோஷிகேயின் தொகாய்தோ நெடுஞ்சாலை வரிசையில் மினாகுச்சி என்ற ஊர்த் தாளில் பெண்கள் இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். கென்ஜி கதையின் 4-ஆம் அத்தியாயத்துக்கும் அதில் வரும் பெண்ணுக்கும் அந்தப் பூவின் பெயரே பெயர். ஆக, ஜப்பானிய மரஅச்சில் வெள்ளைச் சுரைப்பூவும் ஒரு பெண்ணும் சேர்ந்து வந்தால் முதல் ஊகம் யூகாவோவாகவே இருக்கட்டும். பூவை ஒரு விசிறியின் மேல் வைத்திருந்தால் ஊகமே வேண்டாம்.

இப்படிச் சில அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான கென்ஜி தாள்கள் பிடிபட்டுவிடும். சுள்ளி வேலி, அதன் பின்னால் எட்டிப் பார்க்கும் ஆண், பறந்து போகும் சிட்டுக்குருவி என்றால் 5-ஆம் அத்தியாயம்: வளர்த்த குருவியைத் தோழி திறந்துவிட்டாள் என்று அழும் சிறுமி முராசாகியைக் கென்ஜி முதன்முறையாகப் பார்க்கிறான். செம்மேப்பிள் இலைகள், இருவர் ஆடும் நடனம் என்றால் 7. திருவிழாக் கூட்டத்தில் மாட்டு வண்டிகள் முட்டி மோதினால் 9. கடற்கரையில் தனியாக நின்று பார்க்கும் ஆண் என்றால் பெரும்பாலும் 12, சுமாவில் ஒதுங்கி வாழ்ந்த காலம். நிலவொளியில் சிறுமிகள் பனியுருண்டை உருட்டினால் 20. மின்மினிப் பூச்சிகள் என்றால் 25. பனிக்காலத்து ஆற்றில் சிறு படகு, அதில் ஒட்டி அமர்ந்த இருவர் என்றால் 51, உகிஃபுனே.

இவற்றில் மிக அதிகமாகக் கண்ணில் படுவதும், என்னைப் பொறுத்தவரை மிகக் கூர்மையானதும், பூனைதான். 34-ஆம் அத்தியாயத்தில் ஒரு வசந்தகால நாள். செர்ரி மரங்களுக்கு அடியில் இளைஞர்கள் கேமாரி என்ற பந்து உதைக்கும் ஆட்டம் ஆடுகிறார்கள். உள்ளே, மூங்கில் தட்டிக்குப் பின்னால், கென்ஜியின் இளம் மனைவியான மூன்றாம் இளவரசி. சின்னப் பூனையொன்றைப் பெரிய பூனை துரத்த, சின்னதின் கழுத்துக் கயிறு தட்டியில் சிக்கி, அதன் ஓரத்தை மேலே தூக்கிவிடுகிறது. ஆட்டத்திலிருந்து ஓய்ந்து உட்கார்ந்த காஷிவாகி அந்த இடைவெளியில் அவளைப் பார்த்துவிடுகிறான். ஒரு பெண்ணின் முகத்தை அந்நிய ஆண் பார்ப்பதே பெரிய மீறலாக இருந்த சமூகம் அது. அந்த ஒரு பார்வையிலிருந்து கள்ள உறவு, ஒரு குழந்தை, காஷிவாகியின் சாவு எல்லாம் வரிசையாக வருகின்றன. அவளை அடைய முடியாத நாள்களில் அந்தப் பூனையையே எப்படியோ வாங்கிவந்து பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்கிறான்.

இவ்வளவு பெரிய கதையை ஹருநொபு எப்படி வரைந்தார் தெரியுமா? தன் காலத்து உடையில் ஓர் இளம்பெண், கயிறு கட்டிய ஒரு பூனை. அவ்வளவுதான். பந்தும் இல்லை, காஷிவாகியும் இல்லை. படத்தைப் பார்க்கிறவர் நிற்கிற இடம்தான் காஷிவாகி நின்ற இடம். கயிற்றைக் கவனிக்காமல் விட்டால் இது ‘பூனையுடன் ஒரு பெண்’ என்ற சாதாரணப் படமாகிவிடும். கயிறு இருந்தால் உடனே 34-ஆம் அத்தியாயத்தை நினையுங்கள்.

படி 3: ஐந்து கோட்டு முத்திரை இருக்கிறதா?

சில தாள்களின் மேல் மூலையில், விசிறியில், அல்லது உடைத் துணியில் ஐந்து செங்குத்துக் கோடுகள் கொண்ட சின்னம் இருக்கும். சில கோடுகளின் தலையைக் குறுக்குக் கோடு இணைத்திருக்கும். இதற்குக் கென்ஜி-மொன் என்று பெயர். வாசனைக் கட்டைகளைப் புகைத்து விளையாடும் ஓர் ஆட்டத்திலிருந்து வந்தது. ஐந்து வகை வாசனை, வகைக்கு ஐந்து பொட்டலம், ஆக 25. அவற்றிலிருந்து ஐந்தை எடுத்து ஒவ்வொன்றாகப் புகைப்பார்கள். எவை ஒன்று, எவை வேறு என்று மூக்கால் கண்டுபிடித்து, ஒரே வாசனையான கோடுகளை இணைத்து வரைய வேண்டும். ஐந்து பொருள்களை இப்படிக் குழுவாக்க 52 வழிகள்தான் உண்டு. 54 அத்தியாயங்களில் முதலையும் கடைசியையும் விட்டால் சரியாக 52. ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் அத்தியாயத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஐந்து கோடும் தனித்தனியாக நின்றால் 2-ஆம் அத்தியாயம், ஐந்தும் சேர்ந்திருந்தால் 53. மற்றவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, 52 சின்னங்களின் அட்டவணை இணையத்தில் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: அழகுக்காக மட்டும் இதை உடைத் துணியில் போடுவதும் உண்டு. அப்படி வந்தால் ‘இது கென்ஜி உலகம்’ என்பது மட்டும்தான் பொருள். எந்த அத்தியாயம் என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

படி 4: இது எந்தக் கென்ஜி?

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். அருங்காட்சியகத் தளத்தில் ‘கென்ஜி’ என்று தேடினால் வந்து விழும் படங்களில் பெரும்பகுதி முராசாகி ஷிகிபு எழுதிய கதையின் நேரடிப் படங்களே அல்ல.

1829-இல் ரியுதேய் தனேஹிகோ என்ற சாமுராய் எழுத்தாளர் ‘நிசே முராசாகி இனாகா கென்ஜி’ என்ற தொடரை எழுதத் தொடங்கினார். பழைய கென்ஜியை முரோமாச்சி காலத்துக்கு (14–16-ஆம் நூற்றாண்டு) மாற்றி, நாயகனுக்கு அஷிகாகா மிட்சுஉஜி என்று பெயர் வைத்து, சதியும் திருடுபோன குலப்பொருளும் சேர்த்து எழுதிய கதை. உதாகவா குனிசதா படம் வரைந்தார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காலத்தின் மிகப் பெரிய வெற்றியை உண்டாக்கினார்கள். நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகன் இயெனாரியின் பெரிய அந்தப்புரத்தைத்தான் கதை குறிக்கிறது என்ற பேச்சு எழுந்தது. 1842-இல் தெம்போ சீர்திருத்தம் என்ற கெடுபிடியின்போது அரசு நூலைத் தடுத்தது. தனேஹிகோவும் அதே ஆண்டு இறந்தார். கதை முடியாமலே நின்றது. ஆனால் படங்கள் நிற்கவில்லை. தடை தளர்ந்ததும் மிட்சுஉஜியை வைத்து மூன்று தாள் படங்கள் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன.

எப்படிப் பிரிப்பது? தலையைப் பாருங்கள். அரண்மனைக் கென்ஜிக்கு உயரமான கறுப்புத் தொப்பியும் அகலக் கைகளுடைய அரசவை அங்கியும் இருக்கும். மிட்சுஉஜிக்குத் தொப்பி கிடையாது. உச்சிக் குடுமியின் நுனி இரண்டாகப் பிளந்து, இறாலின் வாலைப் போல விரிந்து நிற்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மறக்காது. அவனைச் சுற்றியுள்ள பெண்கள் எடோ காலத்துச் சிகையலங்காரத்தில், கொண்டை ஊசிகளுடன் இருப்பார்கள். பழைய கென்ஜியின் பெண்களுக்குக் கூந்தல் கட்டாமல் தரைவரை விழும்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு: ஹருநொபுவின் பூனைப் பெண்போல, பழைய காட்சியைச் சமகால மனிதர்களை வைத்து வரைவது. மித்தாதே என்பார்கள். இதில் பெரும்பாலும் நாயகனே இருக்க மாட்டான், பொருள் மட்டும் இருக்கும்.

யோஷிதோஷியின் பெண்ணுக்குக் கூந்தல் அவிழ்ந்து நீண்டு கிடக்கிறது. மிட்சுஉஜி இல்லை, எடோ காலத்துக் கொண்டை இல்லை. ஆக அவர் நேராக முராசாகி ஷிகிபுவின் உலகத்துக்கே போகிறார்.

மூன்று தாள் படமாக இருந்தால் வலப்பக்கத் தாளிலிருந்து இடப்பக்கம் பாருங்கள். இடமிருந்து வலம் பார்த்தால் யார் வருகிறார், யார் காத்திருக்கிறார் என்பதே தலைகீழாகிவிடும். 1853-இல் வந்த ‘ஃபூர்யூ கென்ஜி’ பனிக்காட்சி இதற்கு நல்ல பயிற்சி. மனிதர்களைக் குனிசதாவும் நிலத்தை ஹிரோஷிகேயும் வரைந்தது.

படி 5: ஓரத்து எழுத்துகள்

ஜப்பானிய மொழி தெரியாமலே இதில் பாதியைச் செய்துவிடலாம். மேல் மூலையில் கட்டத்துக்குள் இருப்பது வரிசையின் பெயரும் படத்தின் பெயரும். கீழ்ப்பகுதியில், பெரும்பாலும் சிவப்பு முத்திரையுடன் இருப்பது ஓவியர் கையெழுத்து. குனிசதாவின் பிற்காலக் கையெழுத்து (1844-க்குப் பிறகு தொயொகுனி என்ற பெயரில்) சிவப்பும் மஞ்சளுமான நீள்வட்டத்துக்குள் இருக்கும்.

காலத்தைக் கணிக்கத் தணிக்கை முத்திரைகள் கைகொடுக்கும். 1790 முதல் 1842 வரை ஒற்றை எழுத்துள்ள சிறு வட்ட முத்திரை. அடுத்த சில ஆண்டுகள் தணிக்கை செய்தவரின் பெயர் முத்திரை ஒன்று. 1847 முதல் அது இரண்டானது. 1852-இல் அவற்றுடன் தேதி முத்திரையும் சேர்ந்தது. அதில் ஆண்டு விலங்கின் பெயரால் வரும்: 1852 எலி, 1853 எருது, 1854 புலி. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதே விலங்கு திரும்பும் என்பதால் மற்ற முத்திரைகளையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

1875-க்குப் பிறகு தணிக்கை முத்திரை போய், ஓரத்தில் தேதியும் பதிப்பாளர் பெயர், முகவரியும் அச்சாயின. அங்கே வருவது மெய்ஜி ஆண்டு, அதாவது பேரரசர் மெய்ஜி காலத்து ஆண்டுக் கணக்கு. அதோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு. யூகாவோ தாளுக்கு மெய்ஜி 19, அதாவது 1886.

படி 6: அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள்

அடையாளம் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிட்டால் விடுகதைக்கு விடை சொன்னதோடு சரி. இனிமேல்தான் படம் பேசும். ஆங்கிலத்தில் ஆர்தர் வேலி, எட்வர்ட் சைடன்ஸ்டிக்கர், ராயல் டைலர் ஆகியோரின் மொழிபெயர்ப்புகள் இருக்கின்றன. படத்தோடு வைத்துப் படிக்க 2001-இல் வந்த டைலரின் பதிப்பைத்தான் சொல்வேன். உடை, வீடு, வழக்கம் பற்றிய அடிக்குறிப்புகள் அதில் தாராளம்.

யூகாவோ அத்தியாயம் இப்படிப் போகிறது. பதினேழு வயதுக் கென்ஜி, நோயுற்ற தன் செவிலித்தாயைப் பார்க்க ஐந்தாம் வீதிக்குப் போகிறான். கதவு திறக்கும்வரை வண்டியில் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டு வேலியில் அவனுக்குப் பெயர் தெரியாத வெள்ளைப் பூக்கள். ஒன்றைப் பறித்து வரச் சொல்கிறான். பறிக்கப் போன ஆளிடம், மஞ்சள் பட்டு உடுத்த ஒரு சிறுமி வெளியே வந்து, நறுமணம் ஏற்றிய வெள்ளை விசிறியை நீட்டுகிறாள்: காம்பு நன்றாக இல்லாத பூ, இதில் வைத்துக் கொடுங்கள். பிறகு வெளிச்சத்தில் பார்த்தால் விசிறியில் கவிதை. யாரென்று ஊகித்துவிட்டேன் என்பதுபோல ஒரு சீண்டல்.

அவன் தன் பெயரைச் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை. அப்படியே காதல் தொடங்குகிறது. எட்டாம் மாதத்து முழுநிலவு இரவை அவள் வீட்டில் கழிக்கிறான். ஓட்டைக் கூரை வழியே நிலா வெளிச்சம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பிழைப்பைப் பற்றிப் பேசும் குரல், உலக்கைச் சத்தம். விடியலில் அவளை ஒரு பாழடைந்த மாளிகைக்கு அழைத்துப் போகிறான். அன்றிரவு அவன் தலைமாட்டில் ஓர் அழகிய பெண்ணுருவம் உட்கார்ந்து, என்னை விட்டுவிட்டு இப்படி ஒருத்தியையா கொண்டுவந்தாய் என்று குறைப்படுகிறது. விழிக்கிறான், விளக்கு அணைந்திருக்கிறது. யூகாவோவைத் தொட்டால் உடல் சில்லிட்டிருக்கிறது. அவளுக்கு வயது பத்தொன்பது. அந்த உருவம் கென்ஜி புறக்கணித்த ரோகுஜோ என்ற சீமாட்டியின் ஆவி என்று வாசகர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நூலில் பெயர் இல்லை.

இப்போது தாளுக்குத் திரும்புங்கள். ஓவியர்கள் வழக்கமாக வரைவது விசிறிக் காட்சியை: வேலி, வண்டி, சிறுமி, பூ. துணிச்சலானவர் என்றால் மாளிகையில் ஆவி தோன்றும் இரவை வரைவார். யோஷிதோஷி இரண்டையும் விட்டுவிட்டார். கொன்ற ஆவியை வரையவில்லை, செத்தவளை ஆவியாக வரைந்தார். முழுநிலவுக்கு முன்னால், சுரைக்கொடிக்கு நடுவில், உடல் வெளிறி, கீழே போகப் போகக் கரைந்துவிடுகிறாள். ஜப்பானிய மரபில் ஆவிக்குப் பாதம் வரைவதில்லை. இறந்த யூகாவோ தன் வீட்டுக் கொடிகளுக்கு நடுவே நடமாடும் காட்சி கென்ஜி கதையில் எங்குமே கிடையாது; நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கை ஒட்டிக் கென்ஜிக்கு ஒரு கனவில் அவள் தெரிகிறாள், அவ்வளவுதான்.

அப்படியானால் இது எங்கிருந்து வந்தது? ‘நோ’ என்ற பழைய ஜப்பானிய முகமூடி நாடகத்திலிருந்து என்பதே பொருத்தமான பதில். ‘ஹஜிதோமி’ என்ற நாடகத்தில், மலர்களுக்காகச் சடங்கு செய்யும் ஒரு துறவிக்கு வெள்ளைப் பூவொன்றைக் கொடுத்துவிட்டு ஒரு பெண் மறைகிறாள். அவர் ஐந்தாம் வீதிக்குத் தேடிப் போகிறார். சுரைக்கொடி படர்ந்த தட்டிக் கதவைத் தூக்கிக்கொண்டு யூகாவோவின் ஆவி வருகிறது, கென்ஜியைச் சந்தித்த நாளை நினைத்து ஆடுகிறது, விடியுமுன் போய்விடுகிறது. பழிவாங்கல் இல்லை, அலறல் இல்லை. யோஷிதோஷியின் நிலவு வரிசையில் நோ காட்சிகள் பல உண்டு, இந்தப் படத்தின் அமைதியும் அந்த மேடையின் அமைதிதான். இளமையில் இரத்தம் தெறிக்கும் கொலைக் காட்சிகளுக்குப் பெயர் வாங்கியவர் இவர் என்பதை நினைத்தால், ஒரு கொலைக் கதையிலிருந்து கொலையை மட்டும் எடுத்துவிட்ட முடிவு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஆகவே எந்தத் தாளானாலும் அத்தியாயத்தைப் படித்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எந்த நொடியைத் தேர்ந்தெடுத்தார்? கதையில் இருக்கும் யாரைப் படத்திலிருந்து நீக்கினார்? கதையில் இல்லாத எதைச் சேர்த்தார்? வழக்கமான காட்சியை விட்டு விலகியிருந்தால், வேறெந்த நாடகமோ மறுஆக்கமோ நடுவில் இருக்கிறது? யூகாவோ தாளில் நீக்கப்பட்டவன் கென்ஜி. படத்தின் பெயரில் இருக்கிறான், படத்தில் இல்லை.

படி 7: தாளையும் மையையும் பாருங்கள்

ஓவியர் வரைந்தது மெல்லிய தாளில் ஒரு கோட்டுப் படம் மட்டும்தான். அதைச் செர்ரி மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, செதுக்குபவர் கோட்டை விட்டு மற்றதைக் குடைந்து எடுப்பார். மூலப்படம் அந்த வேலையிலேயே அழிந்துபோகும். அப்புறம் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பலகை. அச்சிடுபவர் ஈரப்படுத்திய தாளைப் பலகையின் மூலையிலுள்ள பள்ளத்தில் பொருத்தி, மூங்கில் உறை சுற்றிய பரேன் என்ற வட்டத் தட்டால் தேய்த்து நிறத்தை ஏற்றுவார். 1765 வாக்கில் முழுவண்ண அச்சு பிறந்ததிலிருந்து முறை இதுதான்.

ஆக, படத்தில் நீங்கள் ரசிக்கும் பலவும் பெயர் தெரியாத கைகளின் வேலை. நெற்றியில் கூந்தல் தொடங்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு முடியும் பலகையில் மேடாக நிற்கும் ஒரு மரவரி. இரண்டு பக்கமும் மரத்தை எடுத்து, நடுவில் மயிரிழையை உடையாமல் விட்டிருக்கிறார் செதுக்குபவர். ஆவி கரைவதும் அப்படித்தான். பலகையில் பூசிய நிறத்தை ஒரு பக்கம் துடைத்து மெதுவாக மங்கச் செய்யும் ‘பொகாஷி’ என்ற முறை இருக்கிறது. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் அதைக் கையால் செய்தாக வேண்டும். மையே இல்லாமல் அழுத்தித் துணியின் நெசவைப் புடைக்க வைப்பதும் உண்டு. நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். நேரில் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள்.

இதனால்தான் ஒரே தாளின் இரண்டு பிரதிகளை அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் அச்சானவற்றில் கோடு கூர்மையாகவும் நிறம் மங்கும் இடம் நீளமாகவும் இருக்கும். பலகை தேய்ந்த பிறகு, அவசரமாக அச்சிட்டவற்றில் மங்கல் ஒரு பட்டையாகச் சுருங்கிவிடும். ஹருநொபு காலத்துத் தாள்களில் இன்னொரு சிக்கல்: தாவரச் சாயங்கள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். நீலமாக இருந்த ஆறு இன்று பழுப்பாகத் தெரியலாம். அதை ஓவியரின் ரசனை என்று எழுதிவிடக் கூடாது. 1830 வாக்கில் பரவிய பிரஷ்யன் நீலம் அவ்வளவு எளிதில் மங்காது.

வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி போதும் முதல் சோதனைக்கு. நிறம் சிறு சிறு புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திர அச்சு. மரஅச்சில் நிறம் தாளுக்குள் ஊறி, பின்பக்கமும் தெரியும். ஆனால் பிற்காலத்தில் புதிதாகச் செதுக்கிய மறுபதிப்பும் மரஅச்சுதான் என்பதால், அசலா என்ற கேள்விக்கு அருங்காட்சியகப் பிரதியுடன் கோடு கோடாக ஒப்பிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

அடுத்து எதைப் பார்ப்பது

யூகாவோவுக்குப் பிறகு அதே வரிசையின் ‘இஷியாமா நிலா’ தாளை எடுங்கள், 1889-இல் வந்தது. அதில் இருப்பது முராசாகி ஷிகிபுவே. பிவா ஏரிக்கு அருகிலுள்ள இஷியாமா கோயிலில் முழுநிலவைப் பார்த்தபடி அவர் கதையை எழுதத் தொடங்கினார் என்பது ஐதீகம். எழுதுமேசையும் நிலவும்தான் அடையாளம்.

அப்புறம் பூனைக்குப் போங்கள். ஹருநொபுவின் பெண்ணை ஒரு பக்கமும், குனிசதாவின் காலத்து மூன்று தாள் படம் ஒன்றை மறுபக்கமும் வைத்து, கயிறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தட்டி தூக்கியிருக்கிறதா, பார்க்கிற ஆண் படத்துக்குள் இருக்கிறானா என்று மட்டும் பாருங்கள். அதற்கடுத்து உகிஃபுனேயின் படகு. அதில் முதலில் பார்க்க வேண்டியது அந்த இருவரை அல்ல, படகு எந்தப் பக்கம் போகிறது என்பதை.